எதிரில் அமர்பவர்

(கோடை விடுமுறையில் கட்டுமாவடியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் தடைக்காலத்தை முன்னிட்டுக் கரையில் கட்டிக் கிடக்க, நம் ஊர் நாட்டுப்படகுகள் மட்டும் வழக்கம்போல் போய்வந்துகொண்டிருக்க, பள்ளிக்கூடம் பூட்டியிருப்பதால் பிள்ளைகள் பொழுதைத் தேடி அலையும் இந்தக் கோடை நாட்களில், அவர்களுக்குச் சதுரங்கப் போட்டி ஒன்று வைக்கலாமென்று நீங்கள் எண்ணியதும், அதற்கு முந்தைய மாலையில் நான் வந்து இரண்டு வார்த்தை பேசவேண்டுமென்று கேட்டதும் எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தன. நான் பட்டம் பெற்ற ஆட்டக்காரன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை என்று பஸ் ஏறிப் போய், கல்யாண மண்டபங்களில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் கடைசி மேசைகளுக்குச் சற்று மேலே அமர்ந்து, வென்ற நாட்களைவிடத் தோற்ற நாட்களே மிகுதியாக வீடு திரும்பியவன். ஆகையால் இன்று நீங்கள் கேட்கப்போவது ஒரு தோல்வியாளனின் அனுபவம். வெற்றியாளர்களின் உபதேசத்தைக் காட்டிலும் அது மலிவானது, ஆனால் நாளைக்கே உபயோகப்படக்கூடியது.

பெற்றோர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பவை இரண்டு. போட்டியில் பிள்ளை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. எந்தத் தொடக்கத்தை, அதாவது பிள்ளைகள் ஓப்பனிங் என்று சொல்கிறார்களே அதை, அவன் படிக்கலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்வியை ஒரு சம்பிரதாயத்துக்காகவும், இரண்டாவதை வெகு ஆவலோடும் கேட்கிறார்கள். இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் அல்ல, ஒரே கேள்வியின் இரு முகங்களே என்பது என்னுடைய அபிப்பிராயம். ஏன் அப்படி எண்ணுகிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பிரசங்கம்.

நம் வட்டாரத்துக்கு இந்த ஆட்டம் புதிதன்று. நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் என்ற திருநாமத்தோடு சிவபெருமான் எழுந்தருளியிருக்கிறார். சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாத அரசகுமாரி ஒருத்திக்கு எதிரே முதியவர் வேடத்தில் வந்து அமர்ந்து, ஆடி வென்று, அவளை மணந்தார் என்பது அத்தலத்தின் புராணம். பக்தர்கள் இக்கதையை எவ்வாறு எடுத்துக்கொள்வார்களோ அறியேன். என்னைப் போன்ற கடைசி மேசைக்காரனுக்கு இதில் தெரிவது ஒன்றுதான்: எதிரில் அமர்ந்த கிழவர் யார் என்பது ஆட்டம் முடிந்த பிறகே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளிலும் நிலைமை அதுவே. சுவரில் ஒட்டும் ஜோடிப் பட்டியலில் எண்ணைப் பார்த்துப் போய் உட்கார்ந்தால், எதிரே நாற்காலியில் கால் தரையில் எட்டாத எட்டு வயதுச் சிறுமி இருப்பாள். அரை மணி நேரத்தில் நம்முடைய ராஜாவை மூலையில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

போட்டி மண்டபத்தின் முதல் நியமம் தொட்ட காயை ஆடவேண்டும் என்பது. இதை மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்குவது எனக்குச் சிரமமாக இருந்ததுண்டு. கட்டுமாவடியில் அந்தச் சிரமம் இல்லை. விடியற்காலையில் நம் மீன் ஏலத்தில் நிற்பவர்கள் அறிவார்கள்: கூடையைப் பார்த்து ஒரு விலையை வாய்விட்டுச் சொன்னவர், அடுத்த நொடியில் கூடைக்குள் மீன் சிறுத்திருப்பது கண்ணில் பட்டதற்காக, அதை நான் சொல்லவில்லை என்று பின்வாங்கினால், மறுநாள் அவருடைய குரலுக்கு மதிப்பிருக்காது. சதுரங்கப் பலகையில் விரல்தான் குரல். காய் கட்டத்தின் ஓரத்தில் கோணலாக நின்றால் நேராக்குவதில் குற்றமில்லை. ஆனால் தொடுவதற்கு முன்னால், தன்னுடைய முறை வந்திருக்கும்போது, சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடவேண்டும். பிரெஞ்சுச் சொல்லான ஜாதூப் என்பதையோ, ஆங்கிலத்தில் ஐ அட்ஜஸ்ட் என்பதையோ உலகெங்கும் சொல்கிறார்கள். சட்டப் புத்தகம் அச்சொற்களை உதாரணமாகத்தான் தருகிறது; ஆகவே எதிரிக்குப் புரியுமானால் தமிழில் சொல்வதில் தடையேதுமில்லை.

தொட்டுவிட்டுப் பின்னர் சொல்வது செல்லாது. 2016ஆம் ஆண்டு மாஸ்கோவில், உலகப் பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில், அமெரிக்காவின் நகாமுரா தம் ராஜாவைத் தொட்டுவிட்டு, தவறு புலப்பட்டதும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார், எதிரில் இருந்த ஆர்மீனியர் ஆரோனியன் ஒப்பவில்லை, நடுவர் வந்தார், தொட்ட ராஜாவையே நகர்த்தி நகாமுரா தோற்றார். இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. 1994இல் ஸ்பெயின் நாட்டு லினாரஸில், உலக சாம்பியனாயிருந்த காஸ்பரோவ், 17 வயதுப் பெண்ணான ஜூடித் போல்கருக்கு எதிராக ஒரு குதிரையை வைத்துக் கையை எடுத்துவிட்டு, மறுபடி அதையே எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். கை விலகியது ஒரு நொடியில் கால் பாகம். ஒளிப்பதிவில் அது தெரிந்தது. அந்தப் பெண் அப்போது முறையிடவில்லை, ஆட்டத்தையும் இழந்தாள். எதிரி தவறினால் உடனே சொல்ல வேண்டும் என்பதும், நாம் பதிலுக்கு ஒரு காயைத் தொட்டுவிட்ட பிறகு முறையிடும் உரிமை போய்விடும் என்பதும் விதி. சாம்பியனிடம் போய் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் மரியாதையாகாது. கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தி நடுவரை அழைப்பதே மரியாதை. எதிரியோடு வாக்குவாதம் செய்வதுதான் அவமரியாதை.

மற்ற நியமங்களைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். அதை அடிக்கக் கூடாது. ஆடிய பிறகே தாளில் எழுத வேண்டும். எழுதிப் பார்த்துவிட்டு ஆடுவது குற்றம். சமன் கேட்க விரும்புபவர் முதலில் தம் நகர்வைச் செய்து, பின்னர் கேட்டு, அதன் பின்னரே கடிகாரத்தை அழுத்த வேண்டும். மறுத்தவரிடம் நகர்வுக்கு நகர்வு கேட்டுக்கொண்டிருப்பது பிச்சைக்காரத்தனம் மட்டுமல்ல, விதிப்படி தொந்தரவும் ஆகும். கைபேசியை வீட்டில் விட்டுவருவதே உத்தமம்; நடுவர் அனுமதித்த இடத்தில் அணைத்து வைக்காமல், சட்டைப்பையில் அது இருப்பது வெளிப்பட்டாலே ஆட்டம் போய்விடும், மணி அடிக்கவேண்டும் என்பதுகூட இல்லை. உடையைப் பற்றிக் கவலை வேண்டாம். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் ஜீன்ஸ் அணிந்து வந்ததற்காக, உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர் கார்ல்சனுக்கு 200 டாலர் அபராதம் விதித்தார்கள், அவரும் கோபித்துக்கொண்டு போட்டியைவிட்டே போய்விட்டார் என்பது உண்மைதான். நாளைக்கு இங்கே யாரும் கால்சட்டையைப் பார்க்கப்போவதில்லை.

தோல்வியை ஒப்புக்கொள்வதைப் பற்றி மட்டும் எனக்கு மற்றவர்களோடு ஒரு கருத்து வேற்றுமை உண்டு. தோற்ற நிலையில் இழுத்துக்கொண்டிருப்பது நாகரிகமன்று என்று சில பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். பெரிய ஆட்டக்காரர்களிடையே அது சரி. மேலே நடக்கப்போவது இருவருக்கும் தெரியும். ராணியை ஒரு நகர்வில் இழந்து, எதிரி அடுத்த நகர்வில் தன் ராணியைத் திருப்பிக் கொடுத்துவிடக்கூடிய நம்முடைய மேசைகளில், பத்து வயதுப் பிள்ளை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். கடைசிவரை ஆடட்டும். வென்று முடிக்கத் தெரியாத எதிரி வெற்றிக்குப் பாத்திரன் ஆவானா என்ன?

ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்க வேண்டும். காய்களைப் பழையபடி அடுக்கிவைக்க வேண்டும். இரண்டாவதை நம் மண்டபங்களில் அநேகர் செய்வதில்லை. 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில், 18 வயதுச் சென்னைப் பிள்ளை குகேஷ், சீனாவின் டிங் லிரெனைப் பதினான்காவது ஆட்டத்தில் வென்று உலக சாம்பியன் ஆனார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்த அந்த நிமிஷத்திலும் அவர் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆரம்ப நிலையில் வைத்தார் என்பதைப் படத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மாதக்கணக்கில் தொடக்கங்களை ஆராய்ந்து வந்த இருவர் ஆடிய அந்தப் போராட்டம், தொடக்கத்தில் முடிவாகவில்லை. ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததால் முடிவாயிற்று.

இங்கேதான் இரண்டாவது கேள்வி வந்து சேருகிறது. எந்தத் தொடக்கம்?

நான் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்த காலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் சிசிலியத் தற்காப்பைப் பற்றிய நூல் ஒன்று கிடைத்தது. அதில் டிராகன் என்றொரு கிளை. பெயரே என்னைக் கவர்ந்துவிட்டது. இருபது நகர்வுவரை உருப்போட்டுக்கொண்டு, எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் எரித்துவிடலாம் என்ற உறுதியோடு ஒரு போட்டிக்குப் போனேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக எதிரில் அமர்ந்தார். ராஜா முன் சிப்பாயை இ4 கட்டத்துக்கு ஆடினார், நான் ஒரு சிப்பாயைச் சி5 கட்டத்துக்கு ஆடினேன். இரண்டாவது நகர்விலேயே அவர் சி3 என்று ஒரு சிப்பாயைச் சாவதானமாக ஒரு கட்டம் நகர்த்தினார். என் புத்தகத்தில் அப்படி ஒரு நகர்வே இல்லை. டிராகனுக்குத் தீனி போட எதிரி வரவேயில்லை! நானோ வேறு வழி தெரியாமல், மனப்பாடம் செய்த நகர்வுகளையே ஆடிக்கொண்டு போனேன். பெரியவர் நடுப்பலகையைச் சிப்பாய்களால் நிரப்பி, அவற்றில் ஒன்றைத் தள்ளி என் குதிரையைத் தாக்கினார். அதைக் கவனியாமல் நான் மந்திரியைத் தொட்டேன். தொட்ட பிறகுதான் குதிரை சிப்பாயின் வாயில் இருப்பது கண்ணில் பட்டது. கையை மெல்ல இழுத்துக்கொண்டேன். பெரியவர் குரலை உயர்த்தவில்லை. “தொட்டாச்சு, தம்பி” என்று மட்டும் சொன்னார்.

குதிரை போயிற்று, ஆட்டமும் போயிற்று. முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தவன், கைகுலுக்காமலே போயிருப்பேன். அவர்தான் கையை நீட்டினார். வெளியே டீக்கடையில் எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய காந்தப் பலகையை எடுத்து அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை: “சி3 ஆடினா டி5 போடணும், தம்பி. நான் வெட்டுவேன், நீ ராணியால வெட்டு. மத்த நேரத்துல ராணி அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்தா குதிரையை சி3ல வெச்சு விரட்டிடலாம். இப்ப முடியாது. அந்தக் கட்டத்துல என் சிப்பாய்தானே நிக்குது?” அந்த ஒரு நகர்வின் காரணம், உருப்போட்ட இருபது நகர்வுகளைவிட அதிக காலம் எனக்கு உதவியிருக்கிறது.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இந்த விபத்து நேர்ந்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், நம் ஆனந்த் கொலம்பியாவின் சபாட்டாவை எதிர்த்து ஆடினார். கருப்பில் ஆனந்த் தேர்ந்தது பெட்ராஃப் தற்காப்பு. முந்தைய ஆண்டு இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிச் சமனில் முடித்த ஓர் ஆட்டம் அச்சில் வந்திருந்தது. அதில் இருந்தபடியே ஐந்தாவது நகர்வில் மந்திரியை வெளியே கொண்டுவந்தார். சபாட்டா ராணியை ஒரு கட்டம் நகர்த்தி ராஜாவின் முன் நிறுத்தினார். கருப்புக்கு ஒரு காய் நஷ்டம் என்பது தீர்ந்துபோயிற்று. ஆறே நகர்வில் ஆனந்த் ஒப்புக்கொண்டார். அச்சில் இருந்ததே என்று நம்பியதன் விலை அது. பிற்காலத்தில் ஐந்து முறை உலக சாம்பியன் பட்டத்தை வென்றவருக்கே இப்படியென்றால், கைபேசியில் பத்து நிமிஷப் படம் பார்த்துவிட்டு வருகிற நம் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்ல!

அதே ஆனந்த் 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் உலகப் பட்டத்துக்காக ரஷ்யாவின் கிராம்னிக்கை எதிர்த்தபோது, வாழ்நாளெல்லாம் பழகிய ராஜா முன் சிப்பாயை விட்டு, ராணி முன் சிப்பாயை நகர்த்தி எல்லோரையும் திகைக்க வைத்தார். கருப்பில் செமி-ஸ்லாவ் தற்காப்பைக் கொண்டு இரண்டு ஆட்டங்களை வென்றார். அந்தத் திகைப்பின் பின்னால் உதவியாளர் குழு ஒன்றும் பல மாத உழைப்பும் இருந்தன. நமக்கு அந்தக் குழு எங்கே இருக்கிறது? நம்மைத் தோற்கடித்தவர்களே நம் உதவியாளர்கள்; அவர்களைத் தவிர நமக்கு வேறு ஆளில்லை.

இதை இந்திய சதுரங்கச் சரித்திரமே காட்டுகிறது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதிவரை நம் நாட்டில் பரவலாக ஆடப்பட்டது நாட்டு முறைச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே போகும். அம்முறையில் வளர்ந்த சுல்தான் கான் என்ற பஞ்சாபி, எஜமானரோடு கப்பலேறி இங்கிலாந்து போய், 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்காவையும் ஒரு முறை வென்றார். ஐரோப்பியத் தொடக்க நூல்களின் படிப்பு அவருக்கு இருக்கவில்லை. தொடக்கத்தில் தடுமாறி, நடு ஆட்டத்திலும் முடிவிலும் மீண்டெழுந்தவர் என்றே அவரைப் பற்றி எழுதுவார்கள். எதிரில் அமர்ந்தவர்களே அவருடைய நூலகம். அவருக்கும் முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்பவர் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞரோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அதன் பின்னால் மந்திரியை ஓரத்திலிருந்து நீளப் பார்க்க வைக்கும் அவருடைய நாட்டுப் பழக்கம், பின்னாளில் ஐரோப்பியர் இந்தியத் தற்காப்பு என்று பெயரிட்ட முறைகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. காக்ரேன் தம் எதிரியை நாட்டுப்புறத்தான் என்று தள்ளியிருந்தால், அந்த ஆட்டங்கள் எழுதிவைக்கப்பட்டிருக்குமா?

எதிரில் அமர்ந்தவரிடமே கற்கும் இந்த முறையைத் தமிழ்நாட்டில் ஒரு நிலையமாகவே ஆக்கியவர் மானுவல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன அவர், மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் போட்டியில் பட்டியலின் அடியில் நின்றபோதும், போர்டிஷ், ஊல்மன் என்ற இரு பெரும் கிராண்ட்மாஸ்டர்களை வென்றார். 1972இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் அவர் தொடங்கிய டால் சதுரங்கக் கழகத்தில், சிறுவனாக இருந்த ஆனந்த் போய் ஆடினார். வென்றவர் நாற்காலியில் தொடர்வார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார் என்பது அங்கே வழக்கம். அடுத்த முறை உட்காருவதற்குள், ஏன் எழுந்தோம் என்று யோசித்தாக வேண்டும்.

என் சிபாரிசைக் கேட்டால் சொல்கிறேன். வெள்ளையில் இ4 ஆடுங்கள். குதிரையையும் மந்திரியையும் விரைவில் வெளியே கொண்டுவந்து, ராஜாவுக்குக் கோட்டை கட்டும் இத்தாலிய முறை போதும். ஒவ்வொரு நகர்வுக்கும் காரணத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிவிடலாம். கருப்பில், இ4க்கு இ5, டி4க்கு டி5. நாலு நகர்வில் ராணியாலும் மந்திரியாலும் முடித்துவிடும் வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள், தடுப்பதற்காக. அதையே நம்பி ஆடுகிறவன் தடுக்கத் தெரிந்த முதல் எதிரியிடம் ராணியை அலையவிட்டுத் தோற்பான். எதற்கும் ஒரே அடுக்காகக் காய்களை வைக்கும் லண்டன் முறை இப்போது பிள்ளைகளிடையே மோகமாக இருக்கிறது. கெட்டதன்று. ஆனால் கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் பாயை ஒரே பக்கம் கட்டுவேன் என்று சொல்பவரோடு நீங்கள் கடலுக்குப் போவீர்களா? ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தால் ஓராண்டாவது விடாதீர்கள். தோற்ற அன்றே மாற்றுவது, பிடியில்லாத நாளில் வலையை விற்பதைப் போன்றது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை மண்டபத்துக்குள் உங்களை விடமாட்டார்கள், வருத்தப்படாதீர்கள். தோற்று வெளியே வரும் பிள்ளையிடம், எத்தனை பாயின்ட் என்று கேட்பதற்கு முன்னால், உன் எதிரில் ஆடிய பிள்ளை எங்கே, அவனையும் கூப்பிடு என்று சொல்லுங்கள். இரண்டு பேரும் மரத்தடியில் பலகையைப் பரப்பி, எங்கே தவறியது என்று பார்க்கட்டும். முதல் இரண்டு சுற்றில் தோற்றுவிட்டோமென்று சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். மூன்றாம் சுற்றில் எதிரே ஒருவன் தன் கடிகாரத்தைத் தட்டிவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போக வேண்டியிருந்தால் நடுவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த சுற்றுக்கு ஜோடி போடுவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

காலை ஒன்பது மணிக்கு முதல் சுற்று. பேனாவும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். காந்தப் பலகை வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்து வந்தால், டீக்கடைப் பக்கம் என்னைப் பார்க்கலாம்.